டீசல் டிரம்மில் வரும் வெளிச்சம்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது நான் கடலூர் முதுநகரில் இருந்தேன். உங்களில் பலருக்கும் அந்த நாள் மறந்திருக்காது. மின்கம்பங்கள் வரிசையாக முறிந்து கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் ஒருவர் குட்டியானை வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வருவார். அரை மணி நேரம் மோட்டார் ஓடும், மாடித் தொட்டி நிரம்பும், காசை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். காசு இல்லாத வீட்டார் குடத்தோடு அடிபம்பில் நின்றார்கள்.

நமக்கு அது இரண்டு வாரம். உலகில் எத்தனையோ தீவுகளுக்கு வருஷம் முழுக்க டீசல் வந்தால்தான் விளக்கு எரியும்.

ஒரு சின்னக் கணக்கு. ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசல் ஊற்றினால் 3 அல்லது 3.5 யூனிட் மின்சாரம் கிடைக்கும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால், எண்ணெய்க்கு மட்டுமே யூனிட்டுக்கு 25 முதல் 30 ரூபாய் ஆகிறது. இயந்திரம், ஆள் கூலி, கப்பல் வாடகை எல்லாம் அப்புறம். நெய்வேலியில் ஓர் இயந்திரம் நின்றால் நமக்கு வேறு ஊர் மின்சாரம் கம்பியில் வந்துவிடும். நடுக்கடலில் இருப்பவர்களுக்கு அந்தக் கம்பி இல்லை. மாலத்தீவில் ஏறக்குறைய 1,200 தீவுகள். மக்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவானவற்றில். பெரும்பாலும் தீவுக்கு ஒரு ஜெனரேட்டர் நிலையம். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் டீசலை மறுபடி படகில் ஏற்றித் தீவு தீவாகக் கொண்டுபோக வேண்டும். அந்தப் படகு ஓடவும் எண்ணெய் வேண்டும்.

விலையை நிர்ணயிப்பதோ வேறு யாரோ. 2022-ல் இலங்கையில் டாலர் தீர்ந்தது, எரிபொருள் வாங்க வழியில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாய் ஆனது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே சிறு படகு வைத்திருக்கும் மீனவர்கள் மண்ணெண்ணெயில்தான் இன்ஜின் ஓட்டுகிறார்கள். தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ டீசல் ஒரே ராத்திரியில் நாலு மடங்கானால் மறுநாள் எத்தனை படகு இறங்கும்?

சரி, புகைக்கு வருவோம். ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோகூட இல்லை. சுமார் 830 கிராம். ஆனால் எரித்தால் 2.6 கிலோ கரியமில வாயு வெளியே வருகிறது. மாணவர்கள் இதைக் கேட்டு நம்ப மறுப்பார்கள். டீசலில் இருக்கும் ஒவ்வொரு 12 கிராம் கரியும் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் வாயுவாகிறது. அந்தக் கூடுதல் எடை நாம் சுவாசிக்கும் காற்றிலிருந்து வந்தது. இத்தனைக்கும், சிறு தீவு நாடுகள் எல்லாம் சேர்ந்து விடும் புகை உலகக் கணக்கில் 100-ல் 1 பங்குக்கும் குறைவு. மாலத்தீவின் நிலத்தில் 100-க்கு 80 பங்கு கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. மற்றவர்கள் விட்ட புகையில் கடல் ஏறுகிறது. நம் மாவட்டத்துப் பழுப்பு நிலக்கரிப் புகையும் அதில் சேர்ந்ததுதான். இது நியாயமில்லை என்று நான் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

மாற்று வழி உண்டா? நம் முன்னோர் பலர் கூலிகளாகப் போய்ச் சேர்ந்த மொரீஷியஸில் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அரவைப் பருவத்தில் நெல்லிக்குப்பம் பக்கம் போனவர்களுக்குச் சக்கை எவ்வளவு குவியும் என்று தெரியும். ஆனால் அரவை முடிந்ததும் அங்கே அதே கொதிகலன்களில் நிலக்கரியைப் போடுகிறார்கள். கரும்பு வருஷம் முழுக்க வராதே! பசிபிக்கில் இருக்கும் டோக்கலாவ் என்ற குட்டித் தீவுக்கூட்டம் 2012-ல் தன் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் சோலாருக்கு மாற்றிக்கொண்டது. மக்கள்தொகை ஆயிரத்து சொச்சம் என்பதால் அது முடிந்தது.

நெய்வேலி நிறுவனமே அந்தமானில் 20 மெகாவாட் சோலார் நிலையத்தை பேட்டரியோடு அமைத்திருக்கிறது. இது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. நிலக்கரி தோண்டுபவர்கள் டீசல் தீவுக்கு வெயிலைப் பிடித்துக் கொடுத்தார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

இன்னொன்று யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய உதவியில் மின்திட்டம் போட 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சோலார் 1,700 கிலோவாட், காற்றாலை 530 கிலோவாட், கூடவே பேட்டரி. அதோடு 2,500 கிலோவாட் டீசல் இன்ஜினும் காத்திருப்பில் இருக்கும். 'இவ்வளவு செலவு செய்தும் டீசல் போகவில்லையே' என்று ஒரு நண்பர் கேட்டார். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஐப்பசி கார்த்திகையில் நாள்கணக்கில் வெயில் தலைகாட்டாது, பேட்டரி தாங்காது. அப்போது இன்ஜின் ஓடட்டும். பங்குனி சித்திரையில் அது சும்மா நின்றாலே, அத்தனை டிரம் டீசல் கடல் தாண்ட வேண்டியதில்லை.

வணக்கம்.