வௌவால் பொந்தில் நின்ற வேலி

வணக்கம் மக்களே. கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, இப்போதுதான் மேட்டில் ஏறி வந்தேன். இது நியூசிலாந்தின் வடபகுதி, ருவாபெகபெக என்ற குன்று. இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் வௌவால் பொந்து என்று அர்த்தம்.

1846 ஜனவரியில் இங்கே ஒரு கோட்டை இருந்தது. கல் கிடையாது, எல்லாம் மரம். பிரிட்டிஷ் படையை எதிர்த்துப் போரிட்ட மாவோரி தலைவர் தே ருகி கவிட்டி கட்டியது. பூரிரி என்ற கெட்டி மரத்தின் தண்டுகளை ஆழமாக நட்டு வேலி எழுப்பினார்கள். அந்த மரம் ஒன்றும் இன்று இல்லை. இதோ, புல் மூடிய இந்தப் பள்ளங்கள்தான் மிச்சம்.

இந்த வேலியின் சூட்சுமம் தெரியவேண்டும் என்றால், அதற்கு ஆறு மாதம் முன்பு ஓஹயாவாய் என்ற இன்னொரு கோட்டையில் நடந்ததைச் சொல்லவேண்டும். அங்கேயும் கவிட்டியின் கைவண்ணம்தான். வெளி வேலி முழுக்க ஹராகெகே தழையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். தாழை மாதிரி நீள இலை, நார் உரிக்கும் செடி. குண்டின் வேகத்தை அது வாங்கிக்கொண்டது. அதைவிட முக்கியம், உள்ளே எவ்வளவு உடைந்தது என்று பிரிட்டிஷ் பீரங்கிக்காரர்களுக்குத் தெரியவே இல்லை.

அப்புறம் இன்னொன்று. கேமராவைத் தரையோடு வைக்கிறேன், பாருங்கள். உள்ளே இறங்க மாட்டேன், இரத்தம் சிந்திய மண். இப்போது உங்கள் கண் பள்ளத்தில் நிற்பவரின் உயரத்தில் இருக்கிறது. வெளி வேலியின் அடி மண்ணைத் தொடாது, ஒரு சந்து விட்டிருப்பார்கள். உள் வேலிக்குப் பின்னால் பள்ளத்தில் நிற்பவர் அந்தச் சந்து வழியாகச் சுடுவார். ஓடி வருபவருக்குத் தெரிவது தழை மட்டும்தான். வேலி அவரைத் தடுத்து நிறுத்துகிற அந்தக் கொஞ்ச நேரம் போதும்.

1845 ஜூலை 1 அன்று பிரிட்டிஷ் படையின் கர்னல் டெஸ்பார்ட் அந்தக் கோட்டை மீது நேரடித் தாக்குதலுக்கு உத்தரவிட்டார். சில நிமிடங்களில் அவர் படையில் நூறு பேருக்கு மேல் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள்.  எனக்கு அதை நினைத்தாலும் மனசு கனக்கிறது.

சரி, ருவாபெகபெகவுக்கு வருவோம். இங்கே பெரிய பீரங்கிகளைக் கொண்டுவந்து வேலியை உடைத்துவிட்டார்கள். ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை படை உள்ளே நுழைந்தது. உள்ளே சொற்ப பேர்தான். மற்றவர்கள் ஏற்கெனவே கோட்டைக்குப் பின்னால் இருந்த காட்டுப் பக்கம் போயிருந்தார்கள். சண்டை அங்கேதான் தொடர்ந்தது. அந்தப் பக்கம் இறங்குகிறேன், வாருங்கள்.