லைப்சிக் குடும்பத்தைச் சந்திப்பதற்கு முன் கிடைக்கும் ஒரு வாரத்தில் எங்கே செல்லலாம்?

அடுத்த கேள்வி ஒரு மாணவரிடமிருந்து வந்திருக்கிறது. பரிமாற்ற மாணவராக ஜெர்மனிக்குச் செல்லும் அவர் ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் இறங்குகிறார். அவரைத் தங்கள் வீட்டில் தங்கவைத்துக்கொள்ளப்போகும் குடும்பத்தினர் லைப்சிக்கில் இருக்கிறார்கள். விடுமுறைக்குச் சென்றிருக்கும் அவர்கள் ஒரு வாரம் கழித்துத்தான் ஊர் திரும்புவார்கள். அதற்குள் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக் ஆகிய மூன்றையும் பார்த்துவிடலாமா என்று கேட்கிறார்.

ஜெர்மனியின் நீண்டகால விசா செல்லுபடியாகும் நாளிலிருந்து மற்ற ஷெங்கன் நாடுகளுக்கும் (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) போய்வரலாம் என்பதால் சட்டப்படி தடையில்லை. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். ஓர் ஆண்டுக்கான துணிமணிகளை அடைத்த பெட்டியோடு இரவுப் பேருந்துகளில் மூன்று தலைநகரங்களைச் சுற்றினால், முதன்முறையாகச் சந்திக்கும் குடும்பத்தின் வாசலில் கண் செருகிய நிலையில்தான் போய் நிற்பீர்கள். அந்த நகரங்களை ஆண்டின் எந்த நீண்ட விடுமுறையிலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபிராங்க்ஃபர்ட்டும் லைப்சிக்கும் இடைக்காலத்திலிருந்தே பெரும் வணிகச் சந்தைகளுக்குப் பெயர்பெற்றவை. இரண்டையும் இணைத்த பழைய வணிகப் பெருவழியை ஒட்டியே இன்றைய ரயில் பாதையும் பெரும்பாலும் செல்கிறது. விரைவு ரயிலில் மூன்று மணி நேரம் பிடிக்கும் அந்தத் தூரத்தை ஒரு வாரமாக நீட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஐசனாக். ஊருக்கு மேலே குன்றின்மீது நிற்கும் வார்ட்பர்க் கோட்டையில்தான் கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1521-22இல் மறைந்து வாழ்ந்து, புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். இசையமைப்பாளர் பாக் 1685இல் பிறந்ததும் இதே ஊரில்தான். அவர் பின்னர் வைமரில் பணியாற்றி, 1723 முதல் 1750இல் இறக்கும்வரை லைப்சிக்கில் வாழ்ந்தார் என்பதால், உங்கள் பயணம் ஏறத்தாழ அவருடைய வாழ்க்கைப் பாதையாகவே அமைந்துவிடும். லைப்சிக்கில் அவருடைய கல்லறை இருக்கும் தோமஸ் தேவாலயத்தைப் பற்றிக் குடும்பத்தினரிடம் பேச்செடுக்க இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை.

அடுத்து எர்ஃபுர்ட்டில் இரண்டு இரவுகளாவது தங்குங்கள். 1325இல் கல்லால் கட்டப்பட்ட வணிகர் பாலத்தின் இருபுறமும் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. மக்கள் இன்றும் அங்கே குடியிருக்கிறார்கள். தெருவில் நடப்பவருக்குக் கீழே ஆறு ஓடுவதே தெரியாது. பக்கத்தில் இறங்கி நின்று பார்த்தால்தான் அது பாலம் என்பது புரியும். இவ்வூரின் இடைக்கால யூத மரபுச் சின்னங்கள் 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டன. பழைய ஜெபக்கூடத்தை அவசியம் பாருங்கள்.

அங்கிருந்து வைமர் கால் மணி நேரப் பயணம். கவிஞர் கெதே 1775இல் வந்து 1832இல் இறக்கும்வரை வாழ்ந்த ஊர் என்று எல்லோரும் அவருடைய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பேருந்தேறி எட்டர்ஸ்பெர்க் குன்றுக்கும் செல்லுங்கள். 1937இல் நாஜிகள் அங்கே அமைத்த புகன்வால்ட் வதைமுகாமில் சுமார் 56,000 பேர் மாண்டார்கள். வாயில் கோபுரத்துக் கடிகாரம், 1945 ஏப்ரல் 11ஆம் நாள் முகாம் விடுவிக்கப்பட்ட நேரத்தை நினைவூட்டி, 3.15 மணியையே காட்டிக்கொண்டு நிற்கிறது. அன்றைய மாலைக்கு வேறு திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

லைப்சிக்குக்கு அரை மணி நேரத் தொலைவிலுள்ள ஹாலே நகரை நான் கடைசியாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்க் ஹாலேயில் படித்தவர். தரங்கம்பாடி அச்சகத்துக்கான தமிழ் எழுத்துருக்கள் ஹாலேயில்தான் வார்க்கப்பட்டன. அந்நகரிலுள்ள ஃபிராங்க்கே அறநிறுவனத்தின் ஆவணக் காப்பகம் தமிழ் ஓலைச்சுவடிகளையும் பாதுகாத்து வருகிறது. ஆய்வாளர் அல்லாதவருக்குச் சுவடிகளைக் காட்டுவார்கள் என எதிர்பார்க்க வேண்டாம். அதே நிறுவனத்தின் பழைய அனாதை இல்ல மேல்தளத்திலுள்ள அரும்பொருள் கூடத்தை எவரும் பார்க்கலாம்.

செலவைப் பொறுத்தவரை, 2023இல் 49 யூரோவில் தொடங்கிய ஜெர்மனி டிக்கெட்டின் விலை இப்போது உயர்ந்துவிட்டாலும், இந்தப் பாதையின் வட்டார ரயில்கள், உள்ளூர்ப் பேருந்துகள் எல்லாவற்றுக்கும் அது செல்லும். அதிவிரைவு ரயில்களுக்குச் செல்லாது. அது மாதச் சந்தா என்பதால், தொடர வேண்டாமென்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும். தங்கும் ஊர்களை அதற்கேற்ப அடுக்கிக்கொள்ளுங்கள்.

லைப்சிக்கில் இறங்கும் ரயிலையும் நேரத்தையும் குடும்பத்தினருக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். தாமதமானால் உடனே செய்தி அனுப்புங்கள். குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டில் தங்க இடம் கொடுத்தவர் கையொப்பமிட்ட உறுதிப் படிவம் தேவை. அதையும் அந்த மடலிலேயே கேட்டுவிட்டால், நீங்கள் போய்ச் சேரும்போது அவர்கள் தயாராக வைத்திருப்பார்கள்.