ஏழாம் அதிகாரத்தில் நம் முன்னோர் சேர்க்காமல் விட்டது

சகோதர சகோதரிகளே, நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். பாப்டிஸ்ட் சபைகளின் 1689 விசுவாச அறிக்கையை ஏற்றுக்கொண்ட நம்மைப் பார்த்து, குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கிற பிரெஸ்பிடேரியன் அறிஞர்கள் சிலர் "குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்காத நீங்கள் சீர்திருத்த சபையாரே இல்லை" என்கிறார்கள். நம்மிலே சிலர் பதறிப்போய், "ஐயா, ஞானஸ்நானம் ஒன்றில்தான் வேறுபாடு, மற்றதெல்லாம் நீங்கள் சொல்வதைத்தான் நாங்களும் சொல்கிறோம்" என்று சமாதானம் பேசுகிறார்கள். இரண்டு பேச்சுமே தவறு என்று நினைக்கிறேன். அந்த அறிக்கையை எழுதினவர்களிடமே கேட்டுப் பார்ப்போம்.

அறிக்கை எழுதப்பட்டது 1677இல், லண்டனில். நெகேமியா கோக்ஸ், வில்லியம் காலின்ஸ் என்ற இரண்டு மூப்பர்கள்தான் எழுதியிருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. அரசு திருச்சபையில் சேராதவர்களைச் சிறையில் போட்ட காலம் அது, அதனால் எழுதினவர் பெயரே போடாமல் வெளியிட்டார்கள். 1689இல் அவர்களுக்கு ஆராதனைச் சுதந்தரம் தந்த சகிப்புச் சட்டம் வந்த பிறகுதான் நூற்றுக்கும் மேற்பட்ட சபைகளின் பிரதிநிதிகள் லண்டனில் வெளிப்படையாகக் கூடி அதைத் தங்கள் அறிக்கையாக ஏற்றார்கள். அதனால்தான் அந்த வருஷத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர்கள் கையில் வைத்துக்கொண்டு எழுதியது பிரெஸ்பிடேரியன்களின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையையும், 1658இல் காங்கிரிகேஷனல் சபையார் வெளியிட்ட சவாய் அறிக்கையையும். பக்கம் பக்கமாக அதே வார்த்தைகள். புதுச் சொற்களைக் கொண்டுவந்து மார்க்கத்தைக் குழப்பும் ஆசை எங்களுக்கு இல்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்கள். அப்படியிருக்க, இவர்கள் சீர்திருத்த சபைகளின் குடும்பத்துக்கு வெளியே நின்றவர்கள் என்று யார் எப்படிச் சொல்ல முடியும்?

சரி, இப்போது தேவனுடைய உடன்படிக்கையைப் பற்றிப் பேசும் ஏழாம் அதிகாரம். கிருபையின் உடன்படிக்கை, அதாவது கிறிஸ்துவின் மூலமாகப் பாவிகளை இரட்சிப்பதாகத் தேவன் தந்த வாக்கு, ஒன்றே ஒன்று, அது நியாயப்பிரமாண காலத்தில் ஒரு விதமாகவும் சுவிசேஷ காலத்தில் வேறு விதமாகவும் நடத்தப்பட்டது, சாரம் ஒன்றுதான் என்கிறது வெஸ்ட்மின்ஸ்டர். குழந்தை ஞானஸ்நானத்தின் அஸ்திபாரமே இதுதான். ஆபிரகாமின் பிள்ளைகள் விருத்தசேதனம் பெற்றார்கள், உடன்படிக்கை அதேதான், ஆகவே விசுவாசியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று அங்கிருந்துதான் கட்டுகிறார்கள். சவாய் அறிக்கையும் இதைச் சுருக்கி வைத்துக்கொண்டது. மற்ற பல இடங்களில் வரிக்கு வரி எடுத்துக்கொண்ட நம் முன்னோர், இந்த இடத்தில் அதைச் சேர்க்காமல் வேறொன்றை எழுதினார்கள்: இந்த உடன்படிக்கை முதலில் ஸ்திரீயின் வித்தைக் குறித்த வாக்குத்தத்தத்தில் ஆதாமுக்கு வெளிப்பட்டது, பிறகு படிப்படியாகத் தெளிவாகி, புதிய ஏற்பாட்டில் முழுமையாக வெளிப்பட்டது.

இது கைதவறி நடந்தது என்று நம்ப முடியாது. 1681இல் கோக்ஸ் உடன்படிக்கைகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். ஆபிரகாமுக்கு மாம்சத்தின்படி ஒரு சந்ததி, விசுவாசத்தின்படி ஒரு சந்ததி; கானான் தேசமும் விருத்தசேதனமும் முதல் சந்ததிக்கு உரியவை, அந்த உடன்படிக்கையைக் கிருபையின் உடன்படிக்கையோடு ஒன்றாக்கக் கூடாது என்பது அவர் வாதம். எரேமியா 31ஐ எடுத்துப் பாருங்கள், புதிய உடன்படிக்கையில் சிறியவன் முதல் பெரியவன் மட்டும் எல்லாரும் கர்த்தரை அறிவார்கள் என்று இருக்கிறது, அறியாதவனுக்கு அதில் இடம் ஏது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மோசேயின் உடன்படிக்கையைப் பற்றி கோக்ஸ் தனியாக எழுதவில்லை, ஜான் ஓவன் எபிரெயர் எட்டாம் அதிகார விளக்கத்தில் அதைச் செய்துவிட்டார் என்று விட்டுவிட்டார். ஓவன் யார்? குழந்தை ஞானஸ்நானத்தை ஆதரித்தவர்! நம் சொத்தில் ஒரு பெரிய பங்கு நம் எதிர்த்தரப்புக்காரரிடமிருந்து வந்தது, அதற்காக நான் வெட்கப்படவில்லை, நன்றிதான் சொல்கிறேன்.

பாரம்பரியத்துக்காகப் பொய்யாகச் சண்டை போட்டதும் நம் சரித்திரத்தில் உண்டு. இங்கிலாந்தில் விசுவாசிகளை முழுக்கி ஞானஸ்நானம் கொடுப்பது மறுபடி தொடங்கியது 1641 வாக்கில்தான் என்று அமெரிக்காவில் வில்லியம் விட்சிட் எழுதினார். யோவான் ஸ்நானகன் முதல் அறுபடாத பாப்டிஸ்ட் சங்கிலி இருப்பதாக நம்பினவர்களுக்கு அது பொறுக்கவில்லை, 1899இல் அவர் செமினரி தலைவர் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. ஆதாரம் அவர் பக்கம்தான் இருந்தது.

கோக்ஸின் புத்தகமும் ஓவனின் அந்த விளக்கமும் 2005இல் ஒரே தொகுதியாக மறுபதிப்பு ஆயின. இருபதாம் நூற்றாண்டில் 1689ஐத் திரும்ப எடுத்துக்கொண்ட சபைகளில் பல, உடன்படிக்கை உபதேசத்தை மட்டும் பிரெஸ்பிடேரியன் நூல்களிலிருந்தே கற்றன. பிள்ளைகளின் ஞானஸ்நானத்தை மட்டும் கழித்துவிட்டு மற்றதை அப்படியே வைத்துக்கொண்டன. அந்த உபதேசத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற சகோதரர்களைச் சபையை விட்டுத் தள்ளச் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் "எங்கள் முன்னோரும் இப்படித்தான் போதித்தார்கள்" என்று அவர்கள் சொல்லும்போது, நம் அறிக்கையின் ஏழாம் அதிகாரத்து மூன்றாம் பத்தியையும் வெஸ்ட்மின்ஸ்டரின் ஐந்தாம் ஆறாம் பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள்.