நான்காவது பரண்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஒரு மாலை, மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையில் ஆறு இளைஞர்களோடு உட்கார்ந்திருந்தேன். முழுநீள த்ரில்லர் படம் எடுக்கப் போகிறார்கள். கதை இருக்கிறது; தொடக்கம்தான் இல்லை. முதல் மூன்று நிமிடத்தில் என்ன காட்டலாம் என்று ஆளுக்கொரு கொப்பியில் எழுதி வந்திருந்தார்கள்.

நான்கு கொப்பிகளில் முதல் வரியே வெடிச் சத்தம்.

அதை வேண்டாம் என்றேன். எங்கள் பக்கத்தில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கதையைத் தொடக்கி வைப்பதில்லை. இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய் அந்த நொடியில் திரையை விட்டுத் தன் மகனிடம் போய்விடுவாள். பிறகு அவளைப் படத்துக்குள் கூட்டிவர முடியாது. கூட்டிவர முயல்வதும் சரியில்லை.

ஒரு தம்பி விடவில்லை. 1954இல் வந்த 'அந்த நாள்' படத்தில் கதாநாயகனே தொடக்கத்தில் சுடப்பட்டு இறக்கிறானே என்று கேட்டார். நல்ல கேள்வி. பாட்டே இல்லாமல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய அந்தப் படத்தில், சுட்டது யார் என்ற கேள்வியைத்தான் கதை முழுவதும் சுமக்கிறது. இவர்கள் எழுதிய வெடியோ ஆளைத் திடுக்கிட வைப்பதோடு முடிந்துவிடுகிறது. இதைத்தான் த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கினார்: மேசைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி, இருப்பதை முன்பே காட்டிவிட்டால் 15 நிமிடப் பதற்றம்.

எங்கள் வாவியில் மீன் பாடுவதாகச் சொல்வார்களே, அந்தப் பாடுமீன் யோசனையும் வந்தது. தோணியில் இருந்துகொண்டு துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது. அழகான காட்சிதான், ஆனால் சுற்றுலா விளம்பரத்தின் சாயல் வந்துவிடும் என்று ஒதுக்கினோம்.

அதுவரை பேசாமல் இருந்தவர் அக்கரைப்பற்றுப் பக்கத்து விவசாயி ஒருவரின் மகன். கொப்பியை மூடி வைத்துவிட்டுத் தன் வட்டையை, அதாவது தங்கள் வயல்வெளியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பெரும்போக வேளாண்மை குடலை தள்ளும் காலம்; நெற்கதிர் வெளிவரப் போகிறது. மழை விட்ட இரவு. யானைக்குக் காவலாகப் பரண்களில் ஆட்கள். தூக்கம் வராமலிருக்க ஒருவருக்கொருவர் குரல் கொடுப்பார்கள். முதல் பரணிலிருந்து "ஓ..." என்று ஒரு குரல். இரண்டாவது பதில் சொல்கிறது. தூரத்தில் மூன்றாவதும் சொல்கிறது. நான்காவது பரணிலிருந்து பதில் இல்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மற்றவர்கள் உடனே கெமராவை நான்காவது பரணுக்குக் கொண்டுபோய் அங்கே ஒரு பிணத்தைக் கிடத்தப் பார்த்தார்கள். வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். கெமரா மூன்றாவது பரணை விட்டு இறங்கக் கூடாது. அங்கே இருப்பவன் இன்னொரு முறை கூப்பிடுகிறான். பக்கத்துப் பரண்காரன் தூங்கிவிட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டு, பிளேன்டீ போடக் கேத்தல் பக்கம் குனிகிறான். தண்ணீர் கொதிக்கிறது. வயல் முழுவதும் தவளைச் சத்தம்.

வரம்பில் ஆள் நடந்தால் அந்த இடத்துத் தவளைகள் அடங்கிவிடும். வயலில் இரவு தங்கியவர்களுக்கு இது தெரியும். நான்காவது பரண் பக்கம் முதலில் சத்தம் அடங்குகிறது. பிறகு அதற்கு இப்பால். பிறகு இன்னும் கிட்ட. கேத்தலின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. தியேட்டரில் இருக்கும் நமக்குக் கேட்கிறது. இசை வேண்டாம், ஒரு துளிகூட வேண்டாம். பின்னணி இசை சேர்த்தால் அந்த அமைதி நெருங்கி வருவதை எவரும் கவனிக்க மாட்டார்கள்.

அவன் சீனியைத் தேடுகிறான். பரணுக்குக் கீழே இருந்த கடைசித் தவளையும் நிறுத்துகிறது. அங்கே படத்தின் பெயரைப் போடலாம் என்றேன். ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

அடுத்த பெரும்போகத்தில், நடிகர்களைத் தேடுவதற்கு முன்பே, அந்த வட்டையில் மூன்று இரவு தங்கித் தவளைச் சத்தத்தைப் பதிவு செய்யப் போகிறார்கள். நானும் போகிறேன்.

அதற்கிடையில் வயல் காவல் காத்த நேயர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பக்கத்துப் பரணிலிருந்து பதில் வராவிட்டால் எத்தனை முறை கூப்பிடுவீர்கள்? இறங்கிப் போவீர்களா, விடியும்வரை காத்திருப்பீர்களா? நிலையத்துக்கு எழுதுங்கள். கொப்பியில் அந்த இடத்தை வெற்றாக விட்டிருக்கிறோம்.