கதவை மறித்து உட்கார்ந்தவர்கள்

வணக்கம். சென்ற காணொளிக்கு ‘அமைதியின் அன்னையர்’ என்று தலைப்பு வைத்திருந்தேன். வெளியிட்ட மறுநாள் அதை ஒரு பார்வையாளரைப் போல உட்கார்ந்து பார்த்தபோது, ‘கண்ணீர்’ என்ற சொல்லை ஒன்பது முறையும் ‘தாயுள்ளம்’ என்ற சொல்லை ஐந்து முறையும் சொல்லியிருக்கும் நான், ‘பேச்சுவார்த்தை’ என்ற சொல்லை ஒரே ஒருமுறைதான் உச்சரித்திருக்கிறேன் என்பது தெரிந்தது. போரை நிறுத்தப் போராடிய பெண்களைப் பற்றிய காணொளி அது. அவர்கள் அழுதார்கள் என்பதைச் சொன்னேனே தவிர, யாரிடம் என்ன கேட்டார்கள், அதை ஏன் அந்த இடத்தில் வைத்துக் கேட்டார்கள், கிடைக்காதபோது அடுத்து என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் விட்டுவிட்டேன். ஆகவே இன்றைய காணொளியை ஒரு திருத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

லைபீரியாவிலிருந்து தொடங்குகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் அந்தச் சிறிய நாட்டில் 1989-ஆம் ஆண்டு சார்லஸ் டெய்லரின் படை தொடங்கிய உள்நாட்டுப் போர், அவர் 1997-இல் தேர்தலில் வென்று அதிபரான பிறகு சற்று ஓய்ந்து, 1999-இல் அவருக்கு எதிரான கிளர்ச்சியாளர்களால் மறுபடியும் மூண்டது. இரண்டு போர்களிலும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. சிறுவர்கள் கையிலும் துப்பாக்கி இருந்தது. அந்தச் சிறுவர்களுக்கு மனநல ஆலோசனை வழங்கும் சமூகப் பணியாளராக லூத்தரன் திருச்சபையின் திட்டமொன்றில் வேலை பார்த்தவர்தான் லேமா குபோவி.

குபோவியும் அவருடைய தோழிகளும் செய்த முதல் வேலை, தேவாலயங்களுக்கும் மசூதிகளுக்கும் சந்தைகளுக்கும் போய்ப் பெண்களை நேரில் பார்த்துப் பேசியது. கிறித்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒரே அமைப்பாகச் சேர்ந்தார்கள். நகையும் ஒப்பனையும் இல்லாமல் வெள்ளைச் சட்டையும் தலையில் வெள்ளைத் துணியுமாக வருவது என்று முடிவு செய்தார்கள். பணக்காரி யார், ஏழை யார், எந்த இனத்தவர் என்ற வேறுபாடு வெளியே தெரியாமல் போவதற்கு அதைவிட மலிவான வழி இல்லை.

தலைநகர் மன்ரோவியாவில் மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு திறந்த மைதானம் இருக்கிறது. அந்தச் சாலையில்தான் அதிபர் டெய்லரின் வாகன அணிவகுப்பு போய் வரும். பெண்கள் அங்கே போய் உட்கார்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் உட்கார்ந்தார்கள். உடனடிப் போர்நிறுத்தம், பேச்சுவார்த்தை, அமைதி காக்கும் வெளிநாட்டுப் படை ஆகிய மூன்றைத் தவிர அவர்கள் வேறெதையும் கேட்கவில்லை. ஆட்சி மாற வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தால் ஒரு தரப்பின் ஆட்களாக முத்திரை குத்தப்பட்டு ஒரே நாளில் கலைக்கப்பட்டிருப்பார்கள். கேட்க நினைத்ததில் எதைக் கேட்காமல் விடுவது என்று முடிவு செய்வதுதான் அரசியலில் மிகக் கடினமான வேலை என்று நான் நினைக்கிறேன். அதை அவர்கள் அந்த மைதானத்துக்கு வரும் முன்பே செய்து முடித்திருந்தார்கள்.

2003 ஏப்ரல் 23 அன்று டெய்லர் அவர்களைச் சந்திக்க ஒப்புக்கொண்டார். அந்தக் காட்சியின் படப்பதிவு இருக்கிறது. மேடையில் அதிபர் உட்கார்ந்திருக்கிறார். குபோவி மனுவை வாசிக்கிறார். ஆனால் அதை அதிபரை நோக்கி வாசிக்காமல், பக்கத்தில் இருந்த செனட் அவையின் தலைவரான கிரேஸ் மைனர் என்ற பெண்ணை நோக்கி வாசிக்கிறார். அதிபரின் முகத்துக்கு நேரே மோதவில்லை. ஆனால் அங்கிருந்த அதிகாரம் மிக்க ஒரே பெண்ணைச் சாட்சியாக்கிவிட்டார். இந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

டெய்லர் பேச்சுவார்த்தைக்கு இணங்கினார். கிளர்ச்சித் தலைவர்கள் சிலர் பக்கத்து நாடான சியரா லியோனில் தங்கியிருக்கிறார்கள் என்று அறிந்ததும் பெண்கள் அங்கேயும் போய் அவர்களையும் இணங்கச் செய்தார்கள். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லைபீரியப் பெண்கள் என்றதும் உலக ஊடகங்கள் எழுதியது பெரும்பாலும் அவர்கள் கணவர்களை விலக்கி வைத்த ‘படுக்கையறை வேலைநிறுத்தம்’ பற்றித்தான். நடைமுறையில் அதனால் பெரிய விளைவு ஏதும் இல்லை, ஊடகங்களின் கவனத்தை ஈர்க்கத்தான் அது பயன்பட்டது என்று குபோவியே பின்னால் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மாதக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்தது செய்தியாகவில்லை, இது செய்தியானது.

2003 ஜூன் மாதம் கானாவில் பேச்சுவார்த்தை தொடங்கியது. தொடக்க நாளிலேயே, சியரா லியோன் போரின் குற்றங்களை விசாரிக்க அமைக்கப்பட்ட சிறப்பு நீதிமன்றம் டெய்லர் மீதான குற்றச்சாட்டை வெளியிட்டதால் அவர் அவசரமாக நாடு திரும்பினார். மற்றவர்கள் கானாவின் நல்ல விடுதிகளில் தங்கிக்கொண்டு, யாருக்கு எந்த அமைச்சகம் என்று வாரக்கணக்கில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதே நாட்களில் மன்ரோவியாவில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

ஜூலை 21 அன்று, வெள்ளை உடை அணிந்த பெண்கள் பேச்சுவார்த்தை நடந்த அரங்கின் வாசலில் கையோடு கை கோத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் முடியும்வரை உள்ளே இருப்பவர்கள் யாரும் சாப்பாட்டுக்குக்கூட வெளியே போக முடியாது என்று மத்தியஸ்தருக்குத் தகவல் அனுப்பினார்கள். காவலர்கள் குபோவியைக் கைது செய்ய வந்தார்கள். அவர், ‘உங்களுக்குச் சிரமம் வேண்டாம், நானே உடையைக் களைகிறேன்’ என்ற பொருளில் சொல்லித் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தோடு பொது இடத்தில் உடையைக் களைவது அந்தப் பகுதியின் பல சமூகங்களில் எதிரே நிற்கும் ஆண்களுக்குப் பெரும் சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள். மத்தியஸ்தராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் அதிபர் ஜெனரல் அப்துல்சலாமி அபுபக்கர் வெளியே வந்து, பெண்களைத் தாண்டி வெளியேற முயன்ற பிரதிநிதி ஒருவரைக் கடிந்து உள்ளே அனுப்பிவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து பேசினார். பிரதிநிதிகள் அமர்வுகளுக்குத் தவறாமல் வர வேண்டும், போகிற போக்கில் பெண்களை இழிவாகப் பேசக் கூடாது என்று பெண்கள் நிபந்தனை விதித்து, அவை ஏற்கப்பட்ட பிறகே எழுந்தார்கள். நிபந்தனைகள் மீறப்பட்டால் மறுபடியும் வருவோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 11 அன்று டெய்லர் பதவி விலகி நைஜீரியாவுக்குப் போனார். ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. இதற்குப் பெண்கள் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நீதிமன்றக் குற்றச்சாட்டும் வெளிநாடுகளின் அழுத்தமும் கிளர்ச்சிப் படை தலைநகருக்குள் நெருங்கியதும் சேர்ந்துதான் டெய்லரைத் தள்ளின. ஆனால் அரங்குக்குள் நேரத்தை வீணாக்கியவர்களுக்கு ஒரு கெடு விதித்தவர்கள் அந்தப் பெண்கள்தான்.

கதை வழக்கமாக இங்கே முடிக்கப்படுகிறது. நானும் சென்ற முறை இங்கேதான் முடித்தேன். டிசம்பரில் ஐநா தொடங்கிய ஆயுதக் களைவு, எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான போராளிகள் வந்து குவிந்ததால் கலவரமாகி நிறுத்தப்பட்டு, 2004 ஏப்ரலில்தான் மறுபடியும் தொடங்கியது. அந்த இடைவெளியில் போராளிகளிடம் போய்ப் பேசியவர்களில் இந்தப் பெண்களும் இருந்தார்கள். 2005 தேர்தலுக்கு முன்பு வாக்காளர் பதிவு நடந்தபோது, கடையை விட்டு வர முடியாத சந்தைப் பெண்கள் போய்ப் பதிந்துவிட்டு வரும்வரை அவர்களுடைய கடையையும் கைக்குழந்தையையும் இவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தேர்தலில் எல்லென் ஜான்சன் சர்லீஃப் அதிபரானார். அவரும் குபோவியும் ஏமனின் தவக்குல் கர்மானும் 2011-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது ‘அன்னை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அந்தச் சொல்லைத் தாங்களாகவே கையில் எடுத்தவர்களும் உண்டு. அர்ஜென்டினாவில் 1976-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஆயிரக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். 1977 ஏப்ரல் 30 அன்று 14 பெண்கள் புவெனஸ் ஐரிஸ் நகரின் பிளாசா தே மாயோ சதுக்கத்தில், அதிபர் மாளிகைக்கு எதிரே கூடினார்கள். கூட்டம் கூடத் தடை இருந்ததால் காவலர்கள் நிற்காமல் நகரச் சொன்னார்கள். பெண்களும் அப்படியே நகர்ந்தார்கள்: இருவர் இருவராகக் கை கோத்துச் சதுக்கத்தின் நடுவே இருந்த நினைவுத்தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். தடையுத்தரவின் சொற்களையே எடுத்துப் போராட்டத்தின் வடிவமாக்கிக்கொண்டார்கள். பின்னர், பெருங்கூட்டத்தில் ஒருவரையொருவர் அடையாளம் காண்பதற்காகக் குழந்தைகளுக்குக் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள்.

கட்சிக்காரர்களையும் தொழிற்சங்கத்தினரையும் தயங்காமல் தூக்கிச் சென்ற ஆட்சி, பிள்ளையைத் தேடும் தாயைப் பட்டப்பகலில் அடிக்கச் சற்றாவது யோசிக்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். தாய் என்ற சொல் அவர்களுக்குக் கேடயமாக இருந்தது. ஆனால் அது முழுக் கேடயம் இல்லை. அவர்களை ஒன்று திரட்டிய அசுசேனா வில்லாஃபுளோர், காணாமல் போனவர்களின் பெயர்ப் பட்டியலை நாளிதழில் விளம்பரமாக வெளியிட முன்னின்று உழைத்தார். அது வெளியான 1977 டிசம்பர் 10 அன்றே அவர் கடத்தப்பட்டார். அவருடைய எலும்புகள் 2005-இல்தான் அடையாளம் காணப்பட்டன. அதே ஊரின் பாட்டிமார், காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளிடமிருந்து பறிக்கப்பட்ட பேரக்குழந்தைகளைப் பெற்றோரின் இரத்தம் இல்லாமலேயே அடையாளம் காண முடியுமா என்று அறிவியலாளர்களிடம் போய்க் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்து ஒரு மரபணுச் சோதனை முறையும், 1987-இல் சட்டப்படி ஒரு தேசிய மரபணு வங்கியும் பிறந்தன. இதுவரை 130-க்கும் மேற்பட்ட பேரக்குழந்தைகள் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். இவர்களைக் ‘கண்ணீர் வடித்த பாட்டிமார்’ என்று அறிமுகப்படுத்தினால் அதில் எவ்வளவு விடுபட்டுப் போகிறது பாருங்கள்.

கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் இடையே பல ஆண்டுகள் மோதல் நடந்த வட அயர்லாந்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996-இல் பேச்சுவார்த்தைக்கான பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது, வேட்பாளர் பட்டியலில் பெண்களைச் சேர்க்கும்படி கட்சிகளைக் கேட்டுப் பயனில்லாமல், மோனிகா மெக்வில்லியம்ஸ் என்ற கத்தோலிக்கரும் பேர்ல் சேகர் என்ற புராட்டஸ்டன்டும் மற்றவர்களோடு சேர்ந்து சில வாரங்களில் மகளிர் கூட்டணி என்ற கட்சியையே தொடங்கிவிட்டார்கள். முதல் பத்து இடங்களைப் பிடிக்கும் கட்சிகளுக்குத் தலா இரண்டு இருக்கைகள் என்பது விதி. ஏறக்குறைய ஒரு விழுக்காடு வாக்குகளோடு அவர்கள் உள்ளே போனார்கள். அவர்கள் பேச எழுந்தால் எதிர் வரிசை ஆண்கள் மாட்டைப் போலக் கத்தினார்கள். 1998 ஏப்ரல் 10 ஒப்பந்தத்தில் வன்முறையால் பாதிக்கப்பட்டோர் பற்றியும், இரு சமயக் குழந்தைகளும் ஒன்றாகப் படிக்கும் பள்ளிகள் பற்றியும் இடம்பெற்ற பகுதிகளுக்கு அந்த இரண்டு இருக்கைகள் ஒரு முக்கியக் காரணம்.

இருக்கை என்பதுதான் இன்னும் தீராத வழக்கு. பேச்சுவார்த்தைகளில் பெண்கள் பங்கேற்க வேண்டும் என்று ஐநா பாதுகாப்பு அவை 2000 அக்டோபர் 31 அன்று 1325-ஆவது தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. ஐநாவின் மகளிர் அமைப்பு தரும் கணக்கின்படி, 1992 முதல் 2019 வரை நடந்த முக்கிய அமைதிப் பேச்சுகளில் பெண்கள் சராசரியாகப் பேச்சுவார்த்தை நடத்தியவர்களில் 13 விழுக்காடு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் 6 விழுக்காடு. பிலிப்பைன்ஸ் அரசின் சார்பில் பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கிய மிரியாம் கொரோனல் ஃபெரர் 2014-இல், நாட்டின் தெற்கிலிருந்த முஸ்லிம் கிளர்ச்சியாளர்களோடு செய்துகொண்ட பாங்சமோரோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது உலகச் செய்தியானதே இந்தக் குறைவால்தான்.

தமிழில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலருக்குக் கிளிநொச்சியும் வவுனியாவும் இதற்குள் நினைவுக்கு வந்திருக்கும். 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே தெருவோரக் கொட்டகைகளில் படங்களோடு உட்கார்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களையும் நாம் ‘அழும் அம்மாக்கள்’ என்றே படம் பிடித்தோம். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் முதன்மையான ஒன்று, போரின் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட வேண்டும் என்பது. யார் எழுதிய பட்டியல், யாரிடம் இருக்கிறது, எந்த நாளுக்குரியது என்பதையெல்லாம் குறிப்பிட்டுக் கேட்கப்பட்ட, ஒரு வழக்கறிஞர் எழுதியதைப் போன்ற கோரிக்கை அது. அடுத்த காணொளியில் அந்தக் கோரிக்கைப் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்து, எது ஏற்கப்பட்டது, எது அப்படியே கிடக்கிறது என்று பார்க்கலாம். பழைய காணொளியின் தலைப்பை இன்று காலையே மாற்றிவிட்டேன்.