முதலில் கணக்கு, பிறகு மன்னிப்பு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

நத்தார் நெருங்கினால் கொழும்பில் பங்கு மலருக்கும் சபை மலருக்கும் கதை கேட்பார்கள். வந்து சேருகிறவற்றில் ஒரு கதை தவறாமல் இருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டில், மூச்சு வாங்கும் அப்பா, பல வருடம் கழித்து ஓடி வரும் மகன். "அப்பா, என்னை மன்னிச்சிடுங்கோ." அப்பா கையைப் பிடிக்கிறார், வெளியே கரோல் பாட்டு கேட்கிறது, முற்றும்.

அழ வைப்பதில் குற்றம் இல்லை. ஆனால் மகன் என்னதான் செய்தான்? 'மனம் நோக நடந்துவிட்டான்' என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். எதை மன்னித்தார்கள் என்று தெரியாத வாசகன் மன்னிப்பை எப்படி நம்புவான்? மன்னிப்புக் கதை எழுதுகிறவர் முதலில் கணக்குப்பிள்ளை வேலை பார்க்க வேண்டும்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இயேசு அந்தக் கதையைத் தொகையோடுதான் சொல்கிறார். ஒருவன் பட்ட 10,000 தாலந்து என்ற மாபெரும் கடனை அரசன் மன்னிக்கிறான், அவனோ தன்னிடம் இன்னொருவன் பட்ட 100 வெள்ளிப்பணக் கடனை மன்னிக்க மறுக்கிறான். இந்த 100ஐப் பிரசங்கங்களில் அற்பக் கடன் என்று தள்ளிவிடுகிறார்கள். அதே நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் ஒரு நாள் கூலியே ஒரு பணம்தான். அப்படியென்றால் 100 என்பது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவரிடம் அதை அற்பம் என்று சொல்ல முடியுமா? பெரிய கடனுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அது சிறியது. கொடுத்தவனுக்கு அது பாரமானது என்பதை மறைக்காமல் மன்னிக்கச் சொல்வதில்தான் அந்தக் கதையின் பலம்.

ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. அக்கா, அவவோடு வயதான அம்மா. சுண்டிக்குளியில் இரண்டு பரப்புக் காணியும் வீடும் இருக்கின்றன. அக்காவுக்கென்று அம்மா வாயால் சொன்னதே தவிர, காணி உறுதி எழுதவில்லை. கனடாவில் இருக்கும் தம்பி ஒரு விடுமுறையில் வந்து, அம்மாவிடம் அற்றோனித் தத்துவம் (அவ சார்பில் கையெழுத்திடும் அதிகாரம்) எழுதி வாங்கி, காணியை விற்றுக் காசோடு போய்விடுகிறான். அம்மா இறந்தபோது செத்தவீட்டுக்கும் வரவில்லை, 31ஆம் நாளுக்கும் வரவில்லை. இப்போது கணக்கு இருக்கிறது: இரண்டு பரப்பு, ஒரு கையெழுத்து, வராத இரண்டு நாட்கள். இதை முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வாசகன் கையில் கொடுத்துவிடுங்கள். முடிவில் திடுக்கிட வைப்பதற்காக ஒளித்து வைத்தால், மன்னிக்கும் இடத்தில் வாசகன் பாரத்தை உணராமல் தகவலைச் சேகரித்துக்கொண்டிருப்பான்.

இங்கே ஒரு கள்ளவழி உண்டு. 'தம்பி அனுப்பிய கடிதம் வந்து சேரவில்லை, எல்லாம் தவறான விளக்கம்' என்று முடிச்சை அவிழ்ப்பது. அப்படியானால் மன்னிக்க ஒன்றுமே இல்லையே! உதாரணத்துக்கு, தாயின் செத்தவீடு 2007இல் யாழ்ப்பாணத்தில் நடக்கிறது, மகன் கொழும்பில் இருந்தும் போகவில்லை என்று எழுதினால், யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை 2006 ஓகஸ்டிலேயே மூடப்பட்டுவிட்டது என்பதை நம் வாசகர் அறிவார். அவன் வேண்டுமென்று வராமல் இருக்கவில்லை, தரைவழி அடைபட்டிருந்தது. அதுவும் நல்ல கதைதான். ஆனால் அது துக்கக் கதை, மன்னிப்புக் கதை ஆகாது. (யாழ்தேவியில் ஏற்றிவிடலாம் என்று நினைக்கவும் வேண்டாம். 1990இல் நின்ற ரயில் யாழ்ப்பாணம் வரை மறுபடி போனது 2014 ஒக்டோபரில்தான்.)

சரி, தம்பி வந்து கதவைத் தட்டுகிறான். இந்த இடத்தில் கண்ணீரைத் திறந்துவிடாதீர்கள். நம் பேச்சு வழக்கிலேயே தூரத்தை அளக்க ஒரு கோல் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து 'நீ', 'வாடா' என்று கூப்பிட்ட அக்கா, கதவைத் திறந்து, "வாங்கோ, இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்கிறா. அவ்வளவு போதும். அந்த 'ங்கோ' அவனை அறைந்ததை விட அதிகம். அவவின் கோபத்தை விவரித்து ஒரு பந்தி எழுதியிருந்தால் அதை வெட்டிவிடலாம்.

அடுத்தது மன்னிப்புக் கேட்கும் வாசகம். எங்கள் ஆட்கள் வழமையாகச் சொல்வது, "நான் ஏதும் பிழை செய்திருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அந்த 'செய்திருந்தா' எல்லாவற்றையும் கெடுத்துவிடும், ஏனென்றால் பிழை நடந்ததா என்பதே அதில் சந்தேகமாகிவிடுகிறது. லூக்கா 15இல், தன் பங்குச் சொத்தை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகன் 'ஆல்' போடுவதில்லை, பாவஞ்செய்தேன் என்கிறான். இன்னொன்றையும் கவனியுங்கள். பன்றி மேய்க்கும் இடத்தில் அவன் ஒத்திகை பார்த்த பேச்சில் கடைசியாக, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்று ஒரு பகுதி இருக்கிறது. தகப்பனுக்கு முன் நின்று சொல்லும்போது அந்தப் பகுதி இல்லை. அதற்குள் தகப்பன் வேலைக்காரரைக் கூப்பிட்டு வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்ல விடாத அன்பு! உங்கள் கதையில் தம்பியும் விமானத்தில் ஒரு பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு வரட்டும், அது பாதியில் உடையட்டும். ஆனால் உடைவதற்கு முன் 'காணி', 'கையெழுத்து' என்ற இரண்டு சொற்களும் அவன் வாயிலிருந்து வந்துவிட வேண்டும்.

ஒரே சந்திப்பில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டுமா என்று கேட்டால், யோசேப்பின் கதையைக் காட்டுவேன். 17 வயதுப் பையனை அவன் சகோதரரே 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். பார்வோனுக்கு முன் நிற்கும்போது அவனுக்கு 30 வயது. சகோதரர் தானியம் வாங்க வரும்போது, ஆதியாகமம் 42இல், அவன் அப்பால் போய் அழுகிறான். 43இல் உள்ளறைக்குப் போய் அழுது, முகம் கழுவிவிட்டு வருகிறான். தான் யார் என்று வெளிப்படுத்தி வாய்விட்டு அழுவது 45இல்தான். அதன் பிறகு தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 வருடம் வாழ்ந்து இறக்கிறார். உடனே சகோதரருக்குப் பயம் பிடிக்கிறது, இனி இவன் பழிவாங்குவானோ என்று. மன்னிப்புக் கிடைத்து 17 வருடம் கழித்தும் மன்னிக்கப்பட்டவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை! குணமாதல் இந்த வேகத்தில்தான் நடக்கும். ஒரு சிறுகதையில் 17 வருடத்தைக் காட்ட முடியாது, அந்த முகம் கழுவலைக் காட்டலாம்.

கோயில் விபரங்களில் விடும் பிழை கதையை அடியோடு சாய்க்கும். கத்தோலிக்கப் பாத்திரம் பூசைக்குப் போகும், பாதரிடம் பேசும். மெதடிஸ்த, அங்கிலிக்கன் பாத்திரம் ஆராதனைக்குப் போகும், போதகரைத் தேடும். மெதடிஸ்த அக்காவின் கையில் செபமாலையைக் கொடுத்துவிடாதீர்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு அனுப்புவதானால் செவ்வாய்க்கிழமையாகப் பாருங்கள், எல்லாச் சமயத்தாரும் அன்று அங்கே வருவதால் அது பொருந்தும். தம்பி பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைப் பாதர் அக்காவிடம் வந்து சொல்வதாக மட்டும் எழுதவே வேண்டாம். அந்த இரகசியத்தை உடைக்கும் குருவுக்குத் திருச்சபைச் சட்டத்தில் மிகக் கடுமையான தண்டனை உண்டு.

கொச்சிக்கடை என்றதும், அந்தக் கோயிலில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21 நினைவுக்கு வரும். அந்த உயிர்த்த ஞாயிறை வைத்து எழுத விரும்புகிறவர்கள் உண்டு. எழுதலாம். ஆனால் பிள்ளையை இழந்த தாயை நான்கு பக்கத்தில் மன்னிக்க வைக்காதீர்கள். பட்டவர் மன்னிக்கலாம், எழுத்தாளர் அவருக்குப் பதிலாக மன்னிக்க முடியாது.

முடிவில் இருவரையும் ஒரே வீட்டில் குடிவைக்க வேண்டும் என்றும் இல்லை. ஆதியாகமம் 33இல் ஏசா ஓடி வந்து, தன்னை ஏமாற்றிய தம்பி யாக்கோபைக் கட்டி அழுதான், அன்றே சேயீருக்குத் திரும்பினான். யாக்கோபு சுக்கோத்துக்குப் போனான். நம் தம்பியும் கனடாவுக்குப் போகட்டும். விற்ற காணி திரும்பாது. அவன் வந்த கடைசி நாள், அக்கா பிளேன்டீயைக் கொண்டுவந்து வைக்கிறா. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று இந்தமுறை கேட்கவில்லை. கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டி.

"கடிச்சுக் குடி," என்கிறா.

'குடியுங்கோ' என்று சொல்லவில்லை, 'குடி' என்றா. அதற்குக் கீழே வசனம் எதுவும் எழுத வேண்டாம்.

நன்றி, வணக்கம்.