தெளிந்த நீரின் ஆழம்: நகரி மலைக் கோனைகளில் நீராடப் போகுமுன்

[காட்சி: ஊத்துக்கோட்டையிலிருந்து புத்தூருக்குச் செல்லும் சாலை. வயல்களுக்கு அப்பால் செங்குத்தான மலைச்சுவர்.]

குரல்: வணக்கம். ஊத்துக்கோட்டையில் எல்லையைக் கடந்து, சுருட்டப்பள்ளி வழியாக நாகலாபுரத்தை நோக்கிச் செல்பவர்கள், உச்சியில் வெட்டி நிறுத்திய சுவர்போல் எழும் இந்த மலைகளைப் பார்க்காமல் போயிருக்க முடியாது. இவற்றின் மடிப்புகளில்தான் கைலாசகோனை, நாகலாபுரத்து ஓடைகள், சற்றுக் கிழக்கே தடா அருவி என்று நாம் அழைக்கும் உப்பலமடுகு ஆகியவை இருக்கின்றன. தெலுங்கில் கோன என்றால் பள்ளத்தாக்கு. எல்லைப்புறத் தமிழர் வாயில் அது கோனை ஆகி, பள்ளத்தாக்கில் விழும் நீரையும் சேர்த்தே குறிக்கும் சொல்லாகிவிட்டது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன. கோனைக்குப் போகும் கூட்டத்தில் இன்றும் இரண்டு மொழிகளும் சமமாகவே கேட்கின்றன.

[காட்சி: பாறைப் பிளவிலிருந்து கசியும் நீர், மிக அருகில்.]

குரல்: மழை நின்று பல மாதங்கள் ஆன பிறகும் கைலாசகோனையில் நீர் விழுவதற்குக் காரணம் மலையின் அமைப்பு. மேலே இருப்பது குவார்ட்சைட் என்னும் படிகப்பாறை. பழங்கால மணல் இறுகி உருவான இந்தப் பாறை மிகக் கடினமானது, ஆனால் உச்சி முதல் அடிவரை வெடிப்புகள் நிறைந்தது. வடகிழக்குப் பருவமழை இந்த வெடிப்புகளில் இறங்கி, நீரை எளிதில் உள்ளே விடாத அடிப்பாறையைத் தொட்டதும் மேலும் இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் நகர்ந்து, பள்ளத்தாக்கு மலையை வெட்டும் இடத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. மண்ணில் ஓடி வராமல் பாறைக்குள் வடிந்து வருவதால்தான் அந்த நீர் கண்ணாடிபோல் இருக்கிறது.

[காட்சி: மடுவின் அடியில் தெரியும் கூழாங்கற்கள். ஒருவர் நீண்ட மூங்கில் கழியை நீரில் இறக்குகிறார்.]

குரல்: கலங்கிய நீரைக் கண்டு அஞ்சும் நாம், தெளிந்த நீரைக் கண்டால் அச்சத்தைக் கரையிலேயே விட்டுவிடுகிறோம், ஊற்றுமடுவில் நேரும் விபத்துகளுக்கு இதுவே பெரும்பாலும் முதற்படி என்பது என் கருத்து. நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைவதால், நேர் மேலிருந்து பார்த்தால்கூட ஆழம் அதன் உண்மை அளவில் முக்கால் பங்காகத்தான் தெரியும். ஆறடி ஆழம் நாலரை அடியாகத் தோன்றும், அதாவது மார்பளவு நீர் என்று நம்பி இறங்குபவரின் தலைக்கு மேல் நீர் நிற்கும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் ஏமாற்றம் இன்னும் கூடும். எனவே கண்ணை நம்பாமல் கழியை நம்புங்கள். கழி கிடைக்காவிட்டால், கல் கட்டிய கயிற்றை இறக்கி, நனைந்த நீளத்தை அளந்து பாருங்கள்.

[காட்சி: பாறை விளிம்பு. யாரும் குதிக்கவில்லை.]

குரல்: குதிக்க விரும்புபவர்களுக்கு ஒரு கணக்கு. சுமார் 16 அடி உயரப் பாறையிலிருந்து விழும் உடல், நீரைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தில் தலை பாறையில் மோதினால் கழுத்தெலும்பு முறிந்து, தண்டுவடம் சிதையலாம். கைகால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கவும் கூடும். சென்ற ஆண்டு குதித்த இடம் என்பது ஒரு சான்றே அல்ல, ஏனெனில் ஒவ்வொரு மழைக்காலமும் மேலிருந்து புதிய கற்களை உருட்டிக்கொண்டு வந்து மடுவில் போட்டுவிடும். என்னைக் கேட்டால், இந்த மடுக்களில் தலைகீழாகப் பாய்வதற்கு இடமே இல்லை. முதலில் நடந்து இறங்கி, காலால் தடவி, அடியை அறிந்த பிறகு நீந்துங்கள்.

மூச்சடக்கி அடிவரை போய்க் கல்லெடுத்து வருவது நம் பிள்ளைகளின் பழைய விளையாட்டு. அதற்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. அது உடலில் ஆக்சிஜனைப் பெரிதாகக் கூட்டுவதில்லை, கார்பன் டை ஆக்சைடைத்தான் குறைக்கிறது. மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பை எழுப்புவது அந்த வாயுவே என்பதால், தவிப்பு வருமுன்பே நீருக்குள் நினைவு தப்பிவிடும். பத்தடிக்குள்ளேயே காது வலிக்கத் தொடங்கினால், அதற்குமேல் இறங்க வேண்டாம்.

அருவி நேராக விழும் இடத்தையும் விலக்குங்கள். அங்கே நுரையில் கலந்த காற்று நீரின் தாங்கும் சக்தியைக் குறைப்பதால், நன்றாக நீந்துபவரும் மிதக்கத் திணறுவார்.

[காட்சி: மடுவின் வாயில் வழிந்தோடும் நீர். பின்னர், மே மாதத்தில் தேங்கிய பாசி நீர்.]

குரல்: இறங்குமுன் மடுவின் வாயைப் பாருங்கள். நீர் வழிந்து வெளியேறினால் ஊற்று உயிரோடு இருக்கிறது. கோடையில் வழிவது நின்று, வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் மூழ்கிக் குளிக்க வேண்டாம். கேரளத்தில் 2024, 2025ஆம் ஆண்டுகளில் அச்சமூட்டிய அமீபா மூளைக்காய்ச்சலின் கிருமி, அத்தகைய நீரில் இருந்தால் மூக்கின் வழியாகவே உள்ளே செல்கிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவலை வேறு. உங்கள் தலைக்குமேல் வானம் வெளுத்திருக்க, மலையுச்சியில் பெய்த மழை சில நிமிடங்களில் கோனைக்குள் இறங்கிவிடும். தெளிந்த நீர் திடீரெனப் பழுப்பாவதும், சருகுகள் மிதந்து வருவதும், அருவியின் ஓசை கனப்பதும் அதன் அறிகுறிகள். அந்த நேரத்தில் துணிமணிகளை எடுக்க ஓடை கடந்து அக்கரைக்குப் போகாதீர்கள். நிற்கும் கரையிலேயே மேட்டுக்கு ஏறுங்கள். 2021 நவம்பர் மழையில், திருப்பதி மலையடிவாரக் கபில தீர்த்தத்தில் சேற்று வெள்ளம் கொட்டியதைக் காணொளிகளில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

[காட்சி: மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன், அதன் கைப்பிடியில் கட்டிய கயிறு.]

குரல்: வனத்துறை அனுமதிக்கும் இடங்களுக்கும் நேரங்களுக்கும் உட்பட்டே செல்லுங்கள். கையில் இதை எடுத்துச் செல்லுங்கள். மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கையசைப்பதும் இல்லை. நிமிர்ந்த நிலையில் ஓசையின்றி அமிழ்கிறார். அவரைப் பிடிக்க நீரில் பாய்பவர் தாமும் மூழ்கிப்போவது அடிக்கடி நடக்கிறது. கேனை வீசுங்கள், கயிற்றை இழுங்கள். கயிறு இல்லையென்றால் வேட்டியோ சேலையோ போதும்.

[காட்சி: ஓடை கீழே இறங்கி அகன்ற மணற்படுகையில் சேர்கிறது.]

குரல்: சோப்பு, ஷாம்பு, எண்ணெய் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நாகலாபுரத்துப் பக்கம் நீங்கள் குளித்து எழும் நீர் ஆரணியாற்றில் சேர்ந்து, சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட ஈசுவரர் கோயிலைத் தொட்டு, ஊத்துக்கோட்டையைக் கடந்து, வழியெல்லாம் கிணறுகளுக்கு ஊறியபடி பழவேற்காட்டுப் பக்கம் கடலுக்குப் போகிறது.